லினக்ஸில் ஓடுமா இந்த ஹார்ட் டிஸ்க்?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பெட்டியின் முதுகில் 'விண்டோஸ், மேக் ஓஎஸ்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பெயர் அநேகமாக இருக்காது. (மேக் ஓஎஸ்ஸும் யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளைதான், அதற்கு மட்டும் இடம் கிடைத்துவிட்டது.) தயாரித்த நிறுவனம் எவற்றில் சோதித்துப் பார்த்தது, எவற்றுக்கு வாடிக்கையாளர் சேவையில் பதில் சொல்லும் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. மற்றவற்றில் டிஸ்க் ஓடாது என்று அதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலானவை ஓடும். ஓடாமல் போகும்போதும் குற்றம் சுழலும் தட்டில் இருப்பது அபூர்வம். அதைச் சுற்றியுள்ள சிப், மின்சாரம், பார்ட்டிஷன் அட்டவணை, ஃபைல் சிஸ்டம், பூட்டு மென்பொருள் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். எதில் என்று கண்டுபிடிப்பதே பொருத்தச் சோதனை.

யுஎஸ்பி வழியாக இணையும் சேமிப்புக் கருவிகள் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு 1999இலேயே பொது விதி வந்துவிட்டது. கம்ப்யூட்டர் அனுப்புவது ஸ்கஸி என்ற பழைய கட்டளைத் தொகுதி. அதை யுஎஸ்பி பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. இந்த விதிக்குக் கட்டுப்பட்ட எந்த டிஸ்க்குக்கும் தனி டிரைவர் தேவையில்லை. சாட்டா டிஸ்க்காகவே இருந்தாலும் யுஎஸ்பியில் செருகினால் லினக்ஸ் அதற்கு ஸ்கஸி வரிசையில் 'எஸ்டிபி', 'எஸ்டிசி' என்று பெயர் வைக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அதுவே 'டிஏ0' ஆகும், ஓபன்பிஎஸ்டியில் 'எஸ்டி1' போல ஒரு பெயர் வரும்.

புதிய வன்பொருளுக்கு லினக்ஸ் எப்போதும் தாமதமாகத்தான் வரும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. யுஎஸ்பி 3.0 விஷயத்தில் நடந்தது நேர்மாறு. 2009 செப்டம்பரில் வெளியான 2.6.31 கர்னல்தான் அதை முதலில் ஆதரித்தது. விண்டோஸ் தன் சொந்த டிரைவரோடு வந்தது 2012இல், விண்டோஸ் 8 வெளியானபோது.

நடுவில் நிற்கும் சிப்

டிஸ்க் வாங்குகிறவர்கள் பிராண்டைப் பார்க்கிறார்கள். லினக்ஸுக்கு வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் விரல் அகலப் பலகையை. டிஸ்க்குக்குத் தெரிந்தது சாட்டா, கம்ப்யூட்டர் பேசுவது யுஎஸ்பி. இரண்டுக்கும் இடையில் ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் போன்ற நிறுவனங்களின் பாலச் சிப் ஒன்று துபாஷியாக நிற்கிறது. துபாஷி ஒழுங்காக இருந்தால் அவர் இருப்பதே தெரியாது. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று ஆகும்போது டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் காப்பி பாதியில் நிற்கும், மவுண்ட் ஆன டிஸ்க் திடீரென்று காணாமல் போய் வேறு பெயரில் திரும்பி வரும்.

தொல்லை பெரும்பாலும் யுஏஎஸ் என்ற முறையைச் சுற்றி வருகிறது. பழைய விதியில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். அது முடிந்த பிறகே அடுத்தது. 2009இல் வந்த யுஏஎஸ், பல கட்டளைகளை வரிசையில் நிறுத்த இடம் தருகிறது. எஸ்எஸ்டி போட்ட பெட்டிகளில் வேக வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். லினக்ஸில் இந்த டிரைவர் ஒழுங்காகப் பயன்பாட்டுக்கு வந்தது 2014 ஜூனில் வெளியான 3.15 கர்னலில். வந்த பிறகுதான், தனக்கு யுஏஎஸ் தெரியும் என்று அறிவிக்கும் சிப்புகள் எல்லாவற்றுக்கும் அது தெரியாது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. சுமை ஏறியதும் சில திணறும்; சில குறிப்பிட்ட ஒரு கட்டளையைக் கண்டாலே உறைந்துபோகும். லினக்ஸ் கர்னலின் மூல நிரலில் இப்படிப்பட்ட கருவிகளுக்கென்றே பட்டியல் ஃபைல்கள் உண்டு. எந்தக் கருவிக்கு எந்தச் சலுகை காட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சீகேட் பெட்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டே வந்ததால், 2017 இறுதியில் ஒரே அடியாக, சீகேட் நிறுவன எண்ணோடு வரும் எல்லாக் கருவிகளுக்கும் யுஏஎஸ் வழியே ஏடிஏ கட்டளைகளை அனுப்புவதில்லை என்று கர்னல் முடிவெடுத்தது. டிஸ்க் நிலையாக ஓடுகிறது; பதிலுக்கு அதன் ஆரோக்கிய அறிக்கையை யுஏஎஸ்ஸில் படிக்க முடியாமல் போனது.

ஆகவே சோதனை தொடங்க வேண்டிய இடம் டெர்மினல். கர்னல் பதிவை ஓட விட்டு, பிறகு டிஸ்க்கைச் செருக வேண்டும். சில விநாடிகளில் பத்துப் பதினைந்து வரிகள் விழும். முதல் வரியிலேயே 'சூப்பர்ஸ்பீட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதில் 'ஹைஸ்பீட்' என்றிருந்தால், 5 ஜிகாபிட் போக வேண்டிய டிஸ்க் 480 மெகாபிட்டில், அதாவது 2000ஆம் ஆண்டின் யுஎஸ்பி 2.0 வேகத்தில் நடக்கிறது. போர்ட் பழையதாக இருக்கலாம், கேபிள் மட்டமாக இருக்கலாம், அல்லது பிளக்கை மெதுவாக நுழைத்திருக்கலாம். கடைசிக் காரணம் விளையாட்டல்ல. யுஎஸ்பி 3 பிளக்கில் பழைய முனைகளும் புதிய முனைகளும் வெவ்வேறு ஆழத்தில் இருப்பதால், தயங்கித் தயங்கிச் செருகும்போது பழைய முனைகள் முதலில் தொட்டு அந்த வேகத்திலேயே பேச்சு முடிந்துவிடும். எடுத்து ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடுவதுண்டு.

அடுத்து வருவது எண் ஜோடி: நிறுவனத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று. 1058 என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல், 0480 என்றால் தோஷிபா, 152டி என்றால் ஜேமைக்ரான். இந்த ஜோடியைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். பெட்டியின் பெயரும் படமும் மாறாமல் உள்ளே சிப் மட்டும் மாறுவதுண்டு. போன வருடம் ஒருவருக்கு ஓடிய மாடல் இந்த வருடமும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் அந்த எண்தானே தவிர அட்டைப் பெயர் அல்ல. அதன் கீழே 'யுஏஎஸ்' அல்லது 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்' என்று இரண்டில் ஒரு டிரைவரின் பெயர் வரும். பிறகு டிஸ்க்கின் அளவு: 1 டிபி டிஸ்க்காக இருந்தால் 512 பைட் கொண்ட 195,35,25,168 பிளாக்குகள் என்றும், அடைப்புக்குறிக்குள் 1.00 டிபி, 932 ஜிபி என்றும் வரும். 932ஐப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கடைக்காரர் ஆயிரங்களில் எண்ணுகிறார், இரண்டாவது கணக்கு 1024இன் மடங்குகளில் எண்ணுகிறது.

இந்த வரிகளுக்குப் பிறகு பதிவு அமைதியாகிவிட வேண்டும். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டே பதிவைக் கவனித்தால், தொல்லை உள்ள சிப் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 'அபார்ட்' என்றும் அதைத் தொடர்ந்து 'ரீசெட்' என்றும் வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் எல்லாம் உறைந்து நிற்கும். மருந்து எளிது: யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலின் 'குவர்க்ஸ்' அளவுருவில் அந்த எண் ஜோடியை எழுதி, கூடவே 'யு' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தைச் சேர்த்தால், கர்னல் அந்தக் கருவியிடம் மட்டும் பழைய விதியில் பேசும். வேகம் கொஞ்சம் குறையும், டிஸ்க் நிலைக்கும். ராஸ்பெர்ரி பை 4 வந்த காலத்தில் எஸ்எஸ்டி மாட்டியவர்களில் பலர் இந்த ஒரு வரியால்தான் பிழைத்தார்கள்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே கதைக்கு வேறு வடிவம் உண்டு. எழுதியதை எல்லாம் தட்டில் இறக்கு என்ற கட்டளையைப் புரிந்துகொள்ளாத சிப்புகள் அங்கே பேர்போனவை. அந்தக் கட்டளையை அனுப்பாமல் விடும் சலுகையை யுஎஸ்பிகான்ஃபிக் மூலம் கருவிக்குக் கருவி கொடுக்கலாம்.

மின்சாரம்

யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரக் கடமைப்பட்டது, யுஎஸ்பி 3.0 போர்ட் 900. இரண்டரை அங்குல டிஸ்க் ஓடும்போது இதற்குள் அடங்கும். தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் அதிகம் கேட்கும். கிடைக்காவிட்டால் 'டிக்' என்று சத்தம் போட்டு, நின்று, மறுபடி முயலும். இதை இயங்குதளக் கோளாறு என்று நினைத்து கர்னலை மாற்றுகிறவர்கள் உண்டு. ராஸ்பெர்ரி பை 4இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், இரண்டு டிஸ்க் செருகினால் கணக்கு இடிக்கும். பை 5, 5 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் 1.6 வரை விடும், சாதாரண 3 ஆம்பியர் அடாப்டரில் 0.6தான். தனி அடாப்டர் கொண்ட யுஎஸ்பி ஹப் இதற்குத் தீர்வு. மூன்றரை அங்குல டிஸ்க்குகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் பெட்டியோடேயே வருவதால் இந்தப் பேச்சே எழாது.

பெட்டியைப் பிரித்தால் மறையும் பார்ட்டிஷன்

பொருத்தக் கோளாறுகளில் விசித்திரமானது இது. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண் எழுத 32 பிட்தான் இடம். ஒரு செக்டர் 512 பைட் என்றால் எட்டக்கூடிய எல்லை சுமார் 2.2 டிபி. அதற்கு மேல் ஜிபிடி வேண்டும். 2010இல் 3 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் கடைக்கு வந்தபோது, ஜிபிடி தெரியாத 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் கோடிக்கணக்கான மேசைகளில் இருந்தது. தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டிஸ்க் தன்னை 512 பைட் செக்டர் கொண்டதாகத்தான் சொல்லிக்கொள்ளும்; பாலச் சிப் எட்டெட்டாகச் சேர்த்து, 4096 பைட் செக்டர் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். அதே 32 பிட் எண் இப்போது 17 டிபிக்கு மேல் எட்டும். எக்ஸ்பியும் ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெட்டியை லினக்ஸில் அப்படியே செருகினால் பிரச்சினை இல்லை. பெட்டி பழுதாகி, உள்ளிருக்கும் டிஸ்க்கை எடுத்து நேரடியாக சாட்டாவில் மாட்டும்போதுதான் வினை. பார்ட்டிஷன் 256ஆவது செக்டரில் தொடங்குகிறது என்று அட்டவணை சொல்லும். 4096ஆல் பெருக்கினால் அது 10,48,576ஆவது பைட். இப்போது இயங்குதளம் 512ஆல் பெருக்கி 1,31,072ஆவது பைட்டில் போய்த் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. டிஸ்க் காலி என்றோ, ஃபார்மட் செய்யவா என்றோ செய்தி வரும். ஃபார்மட் செய்து தொலைத்தவர்கள் பலர். செய்ய வேண்டியது, அதே வகைச் சிப் உள்ள வேறொரு பெட்டியில் டிஸ்க்கை மாட்டுவது. லினக்ஸில் வேறு வழியும் உண்டு: லூப் கருவி ஒன்றை 4096 பைட் செக்டர் அளவோடு உருவாக்கி, அதன் வழியே டிஸ்க்கைப் பார்க்கச் சொன்னால் பார்ட்டிஷன் பழைய இடத்தில் தெரியும்.

வாங்கிய அன்றே எல்எஸ்பிஎல்கே கட்டளையில் செக்டர் அளவுப் பத்திகளைக் கேட்டுப் பார்த்து எழுதி வைத்தால் பின்னால் இந்தத் திகைப்பு வராது. தரவு ஏற்றும் முன் ஜிபிடியில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டுக்கொள்வதும் நல்லது. இன்றைய யூனிக்ஸ் வகைத் தளங்கள் எல்லாமே அதைப் படிக்கும்.

யார் படிக்க வேண்டும்?

ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த டிஸ்க்கை வேறு எந்தக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும்? லினக்ஸ் மட்டும் என்றால் எக்ஸ்ட்4 போதும். வேறு யோசனை வேண்டாம். விண்டோஸோடும் மேக்கோடும் பகிர வேண்டுமென்றால் இன்று பதில் எக்ஸ்ஃபேட். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் பதிலைத் தயங்காமல் சொல்ல முடியாது. 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் காப்புரிமை வேலிக்குள் இருந்தது. 2019 ஆகஸ்டில் அதன் விவரக்குறிப்பை அந்நிறுவனம் வெளியிட்டது. நவம்பரில் வந்த 5.4 கர்னலில் தற்காலிக டிரைவர் ஒன்றும், 2020 மே மாதம் வந்த 5.7இல் சாம்சங் எழுதிய நல்ல டிரைவரும் சேர்ந்தன. அதைவிடப் பழைய கர்னல் ஓடும் கம்ப்யூட்டரில், பயனர் தளத்தில் ஓடும் ஃபியூஸ் வகை டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் அந்த வழிதான்.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபைல் உரிமை, அனுமதி, குறியீட்டு இணைப்பு எதுவும் தெரியாது. படங்களுக்கும் வீடியோவுக்கும் அதனால் கேடில்லை. ஒரு லினக்ஸ் அமைப்பையே அதில் பேக்கப் எடுத்தால், திருப்பி வைக்கும்போது அனுமதிகள் எல்லாம் தொலைந்திருக்கும். எக்ஸ்ட்4இன் சிக்கல் இதற்கு எதிர்த்திசையில். அது உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால் நினைவில் வைக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் 1000 எண் கொண்ட பயனர் எழுதிய ஃபைல், மற்றொன்றில் 1001 எண் கொண்டவருக்குத் திறக்காமல் போகலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார்கள். கெடவில்லை, ரூட் அதிகாரத்தோடு உரிமையாளரை மாற்றினால் திறந்துவிடும்.

கடையில் இருந்து வரும் டிஸ்க்குகளில் பல என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற ஃபியூஸ் டிரைவர் நெடுங்காலம் லினக்ஸைக் காப்பாற்றியது. 2021 அக்டோபர் கடைசியில் வந்த 5.15 கர்னலில் பாராகான் நிறுவனம் கொடுத்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. ஓபன்பிஎஸ்டியின் சொந்த டிரைவர் படிக்கும், எழுதாது. மேக்கும் அப்படியே. விண்டோஸில் முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கிய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் 'சரிபார்க்கப்படவில்லை' என்ற குறி இருக்கும். லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். அது பொருத்தமின்மை அல்ல, எச்சரிக்கை. குறியை மட்டும் அழிக்கும் கருவிகள் உண்டு என்றாலும், விண்டோஸிலேயே ஒருமுறை டிஸ்க் சோதனையை ஓட்டி முறைப்படி வெளியேற்றுவதுதான் பத்திரம். பழைய ஃபேட்32ஐ எல்லாத் தளங்களும் படிக்கும். 4 ஜிபியைத் தொடும் ஒற்றை ஃபைலை அது ஏற்காது. மேக்குக்கென்று ஏபிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் படிக்க லினக்ஸ் கர்னலில் டிரைவர் இல்லை.

பூட்டோடு வரும் டிஸ்க்

கடவுச்சொல் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யப்படும் டிஸ்க்குகளில்தான் பெட்டியின் முதுகு வரி உண்மையாகவே பலிக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் பல மாடல்கள் பாலச் சிப்பிலேயே குறியாக்கம் செய்கின்றன. கடவுச்சொல் வைக்காதவரை லினக்ஸில் அதை யாரும் உணர மாட்டார்கள். வைத்துவிட்டால், திறக்கும் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் கிடைக்கும். டிஸ்க் மெய்நிகர் சிடி ஒன்றை மட்டும் காட்டிக்கொண்டு பூட்டியபடி நிற்கும். லினக்ஸ் ஆர்வலர்கள் எழுதிய திறப்பான்கள் சில மாடல்களுக்கு வேலை செய்கின்றன. இந்த வகைப் பூட்டை நம்பவும் பெரிய காரணம் இல்லை. 2015இல் ஆய்வாளர்கள் மூவர் இந்த வரிசையின் பல மாடல்களைப் பிரித்துப் பார்த்து, குறியாக்கத்தைச் சுற்றிப் போக வழிகள் இருப்பதைக் காட்டினார்கள். இன்னொன்று: இத்தகைய பெட்டியில் சிப் எரிந்தால், கடவுச்சொல்லே வைத்திராதவருடைய தரவும் குறியாக்கத்துக்குள் சிக்கிவிடும்.

குறியாக்கம் வேண்டும் என்றால் இயங்குதளத்தின் சொந்த முறையே மேல். லினக்ஸுக்கு லக்ஸ், ஃப்ரீபிஎஸ்டிக்கு கெலி, ஓபன்பிஎஸ்டிக்கு சாஃப்ட்ரெய்டு. ஒருவர் பூட்டியதை மற்றவர் திறக்க மாட்டார் என்பதை மனதில் வைக்க வேண்டும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் திறக்க வேண்டிய டிஸ்க்குக்கு வெராகிரிப்ட்.

ஏற்றும் முன்

டிஸ்க்கின் ஆரோக்கிய அறிக்கையை ஸ்மார்ட்சிடிஎல் படிக்கும். யுஎஸ்பி வழியே படிக்க, சாட்டா கட்டளையை ஸ்கஸிக்குள் பொதிந்து அனுப்பும் 'சாட்' முறையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். பதில் வராத பெட்டியில் டிஸ்க் ஓடலாம். ஆனால் சாகப் போகிறதா என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. பேக்கப்புக்கு வாங்குகிறவர் இந்த ஒன்றுக்காகவே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் தவறில்லை.

எஸ்எஸ்டி என்றால் டிரிம் கட்டளை சிப்பைத் தாண்டிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்எஸ்பிஎல்கேயில் டிஸ்கார்டு பத்திகள் பூச்சியமாக இருந்தால் போகவில்லை.

நம்ப முடியாத விலையில் கிடைக்கும் '16 டிபி' டிஸ்க்குகளுக்குத் தனிச் சோதனை வேண்டும். அவற்றில் பல, உள்ளே சிறு ஃபிளாஷ் கார்டு வைத்து, அளவைப் பொய்யாகச் சொல்லும் பெட்டிகள். இவை எந்த இயங்குதளத்திடமும் பொய்தான் சொல்லும். ஆனால் அதைப் பிடிக்கும் எஃப்3 என்ற கருவி லினக்ஸில் இலவசம். கடைசிவரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எங்கே சங்கிலி அறுகிறது என்று காட்டிவிடும். உண்மையான டிஸ்க்குக்கு பேட்பிளாக்ஸின் எழுதும் சோதனை. உள்ளே இருப்பதையெல்லாம் அது அழித்துவிடும் என்பதால் புது டிஸ்க்குக்கு மட்டும். நேரமும் வேண்டும். நொடிக்கு 100 எம்பி எழுதும் 1 டிபி டிஸ்க்கை ஒருமுறை முழுதாகக் கடக்க ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம். நான்கு வகை வடிவங்களை எழுதி எழுதிப் படிப்பதால் எட்டு சுற்று, அதாவது 22 மணி நேரம். 4 டிபி என்றால் நான்கு நாட்களுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பொறுமை இல்லாதவருக்கு ஒரு சுற்றும் வீண் போகாது. பாலச் சிப்பின் திணறலும் மின்சாரப் பற்றாக்குறையும் அந்த ஒரு சுற்றுக்குள்ளேயே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

கம்ப்யூட்டரைத் தூங்க வைத்து எழுப்பியும் பார்க்க வேண்டும். எழுந்த பிறகு டிஸ்க் பழைய பெயரிலேயே இருக்கிறதா, மவுண்ட் ஆன ஃபோல்டர் திறக்கிறதா என்று கவனித்தால் போதும். பெயர் மாறினாலும் குழப்பம் வராமல் இருக்க, எஃப்எஸ்டேப் ஃபைலில் 'எஸ்டிபி1' என்று எழுதாமல் பார்ட்டிஷனின் யுயுஐடி எண்ணை எழுதுவது வழக்கம். டிஸ்க் செருகாத நாளில் கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிடக் கூடாதென்றால் அதே வரியில் 'நோஃபெயில்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

முடிவாகச் செய்ய வேண்டியது, சில பத்து ஜிபி அளவுள்ள ஃபோல்டர் ஒன்றைக் காப்பி செய்து, ஃபைல்களின் எஸ்ஹெச்ஏ-256 எண்களை எடுத்து வைத்து, டிஸ்க்கை முறைப்படி அன்மவுண்ட் செய்து கழற்றுவது. மறுபடி செருகி எண்களை ஒப்பிட வேண்டும். கழற்றாமல் ஒப்பிட்டால் பயனில்லை, ஏனென்றால் கர்னல் தன் நினைவகத்தில் இருக்கும் பிரதியையே படித்துக் காட்டிவிடக்கூடும். பிறகு இதே டிஸ்க்கைப் படிக்க வேண்டிய மற்றக் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை. எண்கள் ஒத்துப்போனால் டிஸ்க் தயார். ஒத்துப்போகாவிட்டால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது கேபிளை, அடுத்து போர்ட்டை, அதன் பிறகுதான் பெட்டியை.